கடலோர வீடும் கடைசிக் காலக் கணக்கும்



பணி ஓய்வு நெருங்க நெருங்கப் பலருடைய மனத்தில் ஒரு வீடு எழும்பிவிடுகிறது. பட்டணத்து நெரிசல் வேண்டாம், கடற்காற்று போதும், காலையில் புது மீன் போதும் என்று ஓர் ஆசை. அது தவறான ஆசையல்ல. நெகிரி செம்பிலானில் உள்ள போர்ட்டிக்சன் அதற்கு ஏற்ற ஊர்தான். கோலாலம்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் உண்டு. அடுக்குமாடி வீடுகள் பட்டணத்தைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

வீடு மலிவு, சரி. வாழ்க்கை மலிவா? அதுதான் கேள்வி.

முதலில் பணத்தைப் பார்ப்போம். தனியார் துறையில் குறைந்தபட்சப் பணி ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. ஆனால் சேமநிதிப் பணம் 55 வயதிலேயே கைக்கு வந்துவிடுகிறது. மொத்தமாகப் பணத்தைக் கண்டதும் முதலில் நினைவுக்கு வருவது வீடு. 2019-இல் ஊழியர் சேமநிதி வாரியம் ஒரு கணக்குச் சொன்னது: 55 வயதில் குறைந்தது 240,000 வெள்ளி வேண்டும். பெரிய தொகையாகத் தெரிகிறது. ஆனால் அது மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுகளுக்குத்தான் வரும். அதிலிருந்து 150,000 வெள்ளியை எடுத்து வீடு வாங்கினால், எஞ்சுவது மாதம் 375 வெள்ளி. கடலைப் பார்த்துக்கொண்டே பசியாற முடியுமா?

அடுத்தது கட்டடம். விடுமுறைக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில் பல உரிமையாளர்கள் வெளியூரில் இருப்பார்கள். அவர்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் மின்தூக்கி பழுதாகி நிற்கும். எட்டாவது மாடியில் இருப்பவருக்கு முழங்கால் வலி வந்தால் என்ன செய்வது? உப்புக் காற்று வேறு! குளிர்சாதனப் பெட்டியும் இரும்புக் கம்பிகளும் சீக்கிரமே துருப்பிடிக்கும். நிலம் 99 ஆண்டுக் குத்தகை என்றால், இன்னும் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பிள்ளைகள் விற்கப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு தம்பதியரை எண்ணிப் பாருங்கள். கணவர் கார் ஓட்டுவார். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. போர்ட்டிக்சனில் மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் சிரம்பானுக்குத்தான் போக வேண்டும். அது 30 கிலோமீட்டருக்கு மேல். வார இறுதியில் சுற்றுப்பயணிகளின் கார்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். கணவர் படுத்துவிட்டால் அந்த அம்மாவை யார் அழைத்துப் போவார்? அவர் காலமாகிவிட்டால், அந்தக் கடலோர வீட்டில் அம்மா யாருடன் பேசுவார்? பட்டணத்தில் அடுத்த வீட்டுக்காரர் இருபது ஆண்டுப் பழக்கம். இங்கே அடுத்த வீடு திங்கள் முதல் வெள்ளிவரை பூட்டிக் கிடக்கும்.

அப்படியானால் போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம், ஆனால் அவசரம் வேண்டாம். இருக்கிற வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையிலேயே கடலோரத்தில் ஒரு வீடு எடுத்து ஓராண்டு இருந்து பாருங்கள். மழைக் காலத்தையும் தீபாவளியையும் அங்கேயே கழியுங்கள். கார் இல்லாமல் சந்தைக்கும் கிளினிக்கும் கோயிலுக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால், கடலுக்கு எதிரே இல்லாவிட்டாலும், லுக்குட் போன்ற சிற்றூரில் அக்கம்பக்கத்தார் நிலையாக வாழும் தரை வீட்டைத் தேடுங்கள். கடலைப் பார்க்க மாலையில் போய் வரலாம்.

ஓராண்டு முடிந்ததும் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் இல்லாவிட்டாலும் நீ இங்கே இருப்பாயா?" அந்த அம்மா தயங்காமல் "இருப்பேன்" என்று சொன்னால், அதன் பிறகு சேமநிதிப் பணத்தைத் தொடுங்கள்.