கையொப்பமிட்ட கணக்கும் கைவிரித்த சர்க்காரும்

(நகராட்சி ஊழியர் சங்கக் கிளை மாநாட்டில் நிகழ்த்திய உரை)



இம்மாநாட்டின் முன் வைக்கப்பட்டுள்ள தீர்மானங்களில் மூன்றாவது தீர்மானத்தைப் பற்றி மட்டுமே பேச எழுந்துள்ளேன். ஒப்பந்தத்தின்கீழ் வேலை செய்யும் தூய்மைப் பணியாளரை நம் கிளையில் உறுப்பினராகச் சேர்ப்பதா, வேண்டாமா என்பது அத்தீர்மானம். ‘நம்முடைய பஞ்சப்படியைப் பெறவே நாம் படாதபாடு படுகிறோம், அவர்களையும் தோளில் ஏற்றிக்கொண்டால் இருவருமாக விழுவோம்’ என்று காலையில் தேநீர்க் கடையருகே சில தோழர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்கள்மீது எனக்குச் சினமில்லை. வயிற்றுப்பாடு அப்படிப் பேச வைக்கிறது. எனினும், நாம் இன்று வாங்கும் சம்பளம் எந்தக் கணக்கின்மேல் நிற்கிறது, அந்தக் கணக்கு யாருக்காக எழுதப்பட்டது என்பதை அவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புதுதில்லியில் இந்தியத் தொழிலாளர் மாநாடு பதினைந்தாம் முறையாகக் கூடிற்று. தலைமை வகித்தவர் மத்திய தொழில் மந்திரி குல்ஜாரிலால் நந்தா. சர்க்காரின் பிரதிநிதிகள் ஒருபுறம், முதலாளிகள் ஒருபுறம், தொழிற்சங்கத்தார் ஒருபுறம். மூவரும் ஒருமனதாக ஒரு கணக்கை ஏற்றார்கள். உழைப்பவன் ஒருவன், அவனை நம்பிய குடும்பத்துக்கு மூன்று பங்கு உணவு. அவனுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல், பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவு என்று பிற்காலத்தில் இதனைப் பிரித்து விளக்கினார்கள். ஒரு பங்கு என்பது நாளொன்றுக்கு 2,700 கலோரி. துணி ஆளுக்கு 18 கெஜமாக, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கெஜம். சர்க்காரின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தில் கண்ட மிகச் சிறிய வீட்டுக்குரிய வாடகை. விறகு, விளக்கு முதலிய இதரச் செலவுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு இருபது. இதற்குத்தான் தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலி என்று பெயர்.

உணவுக்கு அளவு சொன்னவர் டாக்டர் அய்க்ராய்டு. அவர் நம்முடைய குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராகப் பணிபுரிந்தவர். இக்கணக்கிலே குறையில்லை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டிலே நாளெல்லாம் குனிந்து நிமிரும் பெண்ணுக்குப் பங்கு குறைவு. பெற்று வளர்த்த தாய் தந்தையருக்கோ இலையே போடப்படவில்லை! ஆயினும், ஒரு மனிதன் என்ன விலைக்குக் கிடைப்பான் என்று கேட்டு வந்த நாட்டில், ஒரு மனிதன் வாழ என்ன வேண்டும் என்று முதன்முதலாக எல்லாத் தரப்பாரும் கூடி எழுதிய கணக்கு அது.

மை உலர்ந்தது. அடுத்த திங்களே இரண்டாவது சம்பளக் கமிஷன் நீதிபதி ஜகந்நாததாஸ் தலைமையில் அமைக்கப்பட்டது. மத்திய சர்க்கார் ஊழியர்கள் இக்கணக்கை எடுத்துக்கொண்டு அதன் முன் சென்றார்கள். கணக்குப்படி மாதம் 125 ரூபாய் கேட்டார்கள். நிதி இலாகா என்ன செய்தது தெரியுமா? அம்மாநாட்டின் சிபாரிசுகள் சர்க்காரின் முடிவுகள் ஆகமாட்டா என்று கமிஷனுக்குத் தெரிவித்தது! தொழில் இலாகா தலைமை தாங்கி ஏற்றுக்கொண்டதை நிதி இலாகா கைகழுவிற்று. கமிஷன் 80 ரூபாய் என்று எழுதியது.

தனியார் முதலாளி வாக்குத் தவறினால் சர்க்காரிடம் முறையிடலாம். சர்க்காரே முதலாளியாகி வாக்குத் தவறினால்? 1960 ஜூலை 11 நள்ளிரவு முதல் ரெயில்வேயிலும், தபால் தந்தியிலும், பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் வேலை நிறுத்தம் தொடங்கிற்று. அதற்குச் சில நாள் முன்னரே அத்தியாவசியச் சேவை அவசரச் சட்டம் வந்துவிட்டது. சம்பளம் கொடுக்க மறுத்த அதே கை, மறுப்பை எதிர்ப்பது குற்றம் என்று சட்டமும் எழுதியது. ஐந்து நாட்களில் போராட்டம் முடிந்தது. தோல்விதான், மறைப்பானேன்?

பின்பு 1966-இல் கூட்டு ஆலோசனை அமைப்பு ஒன்று வைத்தார்கள். உடன்பாடு ஏற்படாவிடில் நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்றார்கள். அவ்வமைப்பின் முன் சங்கங்கள் கொண்டு சென்ற முதன்மையான கோரிக்கை அதே 1957-ஆம் ஆண்டுக் கணக்கு. அதனை மட்டும் நடுவரிடம் விடமாட்டோம் என்றது சர்க்கார். 1968 செப்டம்பர் 19 அன்று ஒரே ஒரு நாள் அடையாள வேலை நிறுத்தம். மறுபடியும் அவசரச் சட்டம். பதான்கோட்டில் துப்பாக்கி வெடித்து ஊழியர்கள் மடிந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராமைக்கு உயிர் விலையா?

அதன் பின்னர் வந்த மூன்றாவது கமிஷன் 185 ரூபாய் என்றது. சங்கங்கள் இழுத்துப் பிடித்து 196 ஆக்கின. பதினொரு ரூபாயை ஏளனமாக எண்ணாதீர்கள். பதினொரு ரூபாய்க்குப் பின்னால் சிறை கண்ட குடும்பங்கள் இருந்தன. கடைசியில் ஏழாவது கமிஷன் அந்த 1957-ஆம் ஆண்டுக் கணக்கையே எடுத்து வைத்துக்கொண்டு அரிசி, பருப்பு, துணி என்று விலை போட்டு 18,000 ரூபாய் என்று எழுதியது. சங்கங்கள் கேட்டது 26,000. அந்த 18,000 நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஜனவரி 1. பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் பாட்டனார் கேட்ட கணக்கின் பெயராவது ஏட்டில் ஏறிற்று.

நம் மாநிலத்துக் கதையோ உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. 2003 ஜூலையில் ஒரு லட்சத்து எழுபதினாயிரம் பேரளவுக்கு ஒரே வீச்சில் வேலைநீக்கம். ஆகஸ்டு 6 அன்று, அரசு ஊழியருக்கு வேலை நிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாளில் நிரந்தர வேலை என்னும் கோட்டை நம்மைக் காக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி, கோட்டைக்கு வெளியே நிற்பவரைப் பாருங்கள். 2025 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி, சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். தங்கள் வேலையைத் தனியார் கம்பெனிக்கு விடாதே, எங்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த தம் மாத ஊதியம் 17,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். பதின்மூன்றாம் நாள் உயர்நீதிமன்ற உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவே போலீசு அவர்களை அப்புறப்படுத்திற்று.

திரு.வி.க. நகர் என்று அம்மண்டலத்துக்கு ஏன் பெயர் வந்தது? 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபொழுது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றவர் அப்பெரியார். அவர் பெயரைத் தெருவுக்கும் மண்டலத்துக்கும் வைத்தோம். அத்தெருவைக் கூட்டுகிற பெண்ணுக்குக் கூலியைக் குறைக்கப் பார்க்கிறோம்!

தோழர்களே! 72 கெஜத் துணியும் 2,700 கலோரியும் நிரந்தர ஊழியனின் உடம்புக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அதே தெருவில், அதே குப்பை வண்டியின் இரு பக்கத்திலும் நின்று அள்ளுகிற இருவரில் ஒருவருக்குக் கமிஷன் கணக்கு, மற்றவருக்குக் குத்தகைக்காரன் கணக்கு என்றால், நாளை நகராட்சி எந்தக் கணக்கைக் காட்டி நம்மை அழைக்கும்? காலியாகும் இடங்களில் குத்தகை ஆட்களை நிரப்பியது யார் தயவால்? நம் ஓய்வுபெற்ற தோழரின் நாற்காலிக்கு ஆள் வராதபொழுது நாம் ஒரு மனுவும் எழுதவில்லையே! இதை என்மீதும் சேர்த்தே சொல்கிறேன். நானும் அக்காலத்தில் செயற்குழுவில் இருந்தவன்.

ஒப்பந்தக்காரன் நாளையே அவர்களை நீக்கிவிட்டால் சங்கம் என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே, அவர்களின் வருகைப் பதிவின் நகலையும் கூலிச் சீட்டையும் இன்று முதலே சேகரித்து வைக்கவேண்டும் என்று தீர்மானத்தின் இரண்டாம் பகுதி கூறுகிறது. சந்தாவை அவர்கள் கூலிக்கு ஏற்பக் குறைத்து வைப்பதும் அதிலேயே இருக்கிறது. செயலாளர் இப்பொழுது அதனைப் படிப்பார். கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் அந்தத் தாய்மார்களுக்கு முன்னே இடம் விடுங்கள். வாக்கெடுப்பு அவர்கள் கண் முன்னால் நடக்கட்டும்.