ஔலு எங்க இருக்கு?

"நீங்க இருக்கிற ஊர் சரியா எங்க இருக்கு?"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. இதே கேள்விக்கு வாலாஜாபாத்தில் நாலு வருஷமா பதில் சொல்லிக்கிட்டிருக்கேன். அதனால இந்த எபிசோட் எனக்குச் சுலபம்.

ஊர் பேர் ஔலு. பின்லாந்தில் இருக்கு. "லாந்துன்னு முடியுதே, லண்டன் பக்கமா?"ன்னு பெரியப்பா கேட்டார். ஃபோன்ல மேப்பை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி ரஷ்யாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு மறுபடியும் லண்டன்ங்கிறார்.

அப்புறம் வேற மாதிரி சொன்னேன். தலைநகரம் ஹெல்சிங்கியைச் சென்னைன்னு வச்சுக்கங்க. ஔலுதான் திருநெல்வேலி. ரெண்டுக்கும் சுமார் 600 கிலோமீட்டர், ராத்திரி ரயில்கூட உண்டு. என்ன, தெற்கே போறதுக்குப் பதிலா வடக்கே போகணும். பெரியப்பாவுக்கு உடனே புரிஞ்சுது. "லோயர் பெர்த் கிடைக்குமா?"ன்னுதான் அடுத்த கேள்வி!

சென்னை 13 டிகிரி, ஔலு 65 டிகிரின்னு அட்சரேகை சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்லை. வெயிலைச் சொல்லணும். டிசம்பர் கடைசியில் பத்தரைக்கு விடிஞ்சு, மதியம் ரெண்டு மணிக்கெல்லாம் சூரியன் போயிடும். ஜூன்ல நடுராத்திரி தாண்டித்தான் மறையும். அத்தை கேட்டாங்க: "அப்ப விளக்கு எப்ப ஏத்துவே?" இவ்வளவு நல்ல கேள்வியை இங்க யாரும் என்கிட்ட கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணிக்கு ஏத்தறேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் மேப், சூரியன் எதுவும் தேவைப்படலை. அவங்க ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் வேலை பார்த்தவங்க. 2006-ல் ஆரம்பிச்ச ஆலை, 2014 நவம்பரில் உற்பத்தி நின்னுபோச்சு. "பின்லாந்தா? எங்க கம்பெனி ஊராச்சே"ன்னாங்க. இன்னும் "எங்க கம்பெனி"தான்! "அங்க இப்பவும் ஃபோன் செய்யறாங்களா?"ன்னு கேட்டாங்க. ஔலுல செல்ஃபோன் டவருக்கான கருவிங்க செய்யறாங்கன்னு சொன்னேன். "லைன்ல பொம்பளைங்க நிக்கறாங்களா, பாத்துச் சொல்லு"ன்னாங்க.

அம்மா இத்தனை நாளும் எதுவும் கேட்கலை. கடல் உறைஞ்சு, அது மேல ஹைலுவோத்தோ தீவுக்குக் கார் போற வீடியோவைக் காட்டினப்பகூட, "சரி, ஸ்வெட்டர் போட்டுக்கோ" அவ்வளவுதான். அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்ச மாசம்தான் கேட்டாங்க: "ஏதாவது ஒண்ணுன்னா, எவ்வளவு நேரத்துல வருவே?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். ஹெல்சிங்கி வரை ஒரு மணி நேர விமானம், அங்கிருந்து தோஹா, தோஹாவிலிருந்து மீனம்பாக்கம், அப்புறம் கார். காத்திருக்கிற நேரம் எல்லாம் சேர்த்து, டிக்கெட் உடனே கிடைச்சா ஒரு நாள். அம்மா அப்பா பக்கம் திரும்பி, "காலையில ஃபோன் பண்ணா மறுநாள் காலையில வந்துடுவானாம்"னு சொன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை, டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சார்.

இப்பல்லாம் யாராவது கேட்டா, "ஒரு நாள் தூரம்"னு அம்மாவே சொல்லிடறாங்க. பின்லாந்துங்கிற பேரையே எடுக்கிறதில்லை.

அடுத்த எபிசோடில் இங்க வாடகை வீடு தேடறதைப் பத்திப் பேசலாம்.