ஆயுத உதவியும் சர்வதேசச் சட்டமும்: நிகரகுவா வழக்கு தரும் பாடம்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



ஒரு நாட்டில் அரசுக்கும் அதை எதிர்த்து ஆயுதம் ஏந்தியோருக்கும் இடையே போர் நடக்கிறது. அயல்நாடு ஒன்று ஏதேனும் ஒரு தரப்புக்கு ஆயுதமும் பணமும் அனுப்புவது சட்டப்படி சரியா? இக்கேள்விக்கு விடை காண நிகரகுவா வழக்கு நமக்குப் பெரிதும் உதவும்.

1979 ஜூலையில் சாண்டினிஸ்டா புரட்சி சமோசா சர்வாதிகாரத்தை வீழ்த்தியது. புதிய அரசுக்கு எதிராக 1981 முதல் ரீகன் நிர்வாகம் கான்ட்ரா படைகளுக்குப் பணமும் ஆயுதமும் பயிற்சியும் அளித்தது. 1984 தொடக்கத்தில் நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடிகளையும் வைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அச்சிறிய நாடு சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என நீதிமன்றம் கூறியதும், அமெரிக்கா வழக்கிலிருந்தே வெளியேறியது.

1986 ஜூன் 27 அன்று, இந்தியாவின் நாகேந்திர சிங் தலைமையிலான நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கான்ட்ராக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் பணமும் அளித்தது தலையிடாமைக் கோட்பாட்டை மீறிய செயல் என்று 12 நீதிபதிகள் கூறினர், மூவர் மாறுபட்டனர்.

தீர்ப்பின் சாரம் மூன்று. முதலாவது, ஓர் அரசு கேட்டுக்கொண்டால் உதவலாம். எதிர்த்தரப்பு கேட்டது என்பதற்காக உதவ முடியாது. அதை அனுமதித்தால் தலையிடாமைக் கோட்பாட்டில் மிஞ்சுவது எதுவுமில்லை. இரண்டாவது, கிளர்ச்சிப் படைக்கு ஆயுதமும் பயிற்சியும் அளிப்பது பலப்பிரயோகம். பணம் மட்டும் கொடுப்பது பலப்பிரயோகம் ஆகாவிடினும் சட்டவிரோதத் தலையீடே. மூன்றாவது, உணவு, மருந்து போன்ற மனிதாபிமான உதவி குற்றமன்று. ஆனால் தேவையுள்ள அனைவருக்கும் பாகுபாடின்றிச் சேர வேண்டும்.

எல்சால்வடார் போராளிகளுக்கு நிகரகுவா ஆயுதம் அனுப்பியது, அதனால் தன் செயல் கூட்டுத் தற்காப்பே என்று அமெரிக்கா வாதிட்டது. 1981 தொடக்கம் வரை நிகரகுவா வழியே ஆயுதங்கள் சென்றதை நீதிமன்றமும் ஏற்றது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயுதம் வழங்குவது மட்டுமே ஆயுதத் தாக்குதல் ஆகாது. தாக்குதல் இல்லாத இடத்தில் தற்காப்பு உரிமையும் எழாது என்பதே தீர்ப்பு.

சட்டத்தின் எல்லைகளையும் காண வேண்டும். அதே காலத்தில் எல்சால்வடாரின் அடக்குமுறை அரசுக்கு அமெரிக்கா ஆயுதங்களைக் குவித்தது. ‘அரசின் வேண்டுகோள்’ என்ற போர்வை அங்கே அதற்குக் கிடைத்தது. கான்ட்ராக்கள் இழைத்த கொடுமைகள் ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கா பொறுப்பு என்று சொல்லவும் நீதிமன்றம் மறுத்தது; அச்செயல்களின் மீது அதற்கு நேரடிக் கட்டுப்பாடு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றது.

தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்புதான் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கான்ட்ராக்களுக்கு 10 கோடி டாலர் ஒதுக்க ஒப்புதல் அளித்திருந்தது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தைப் பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்கா வீட்டோ செய்தது. 1986 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 94 நாடுகள் நிகரகுவாவின் பக்கம் நின்றன, எதிர்த்தவை மூன்றே. ஆயினும் இழப்பீடு வரவில்லை. ஆட்சி மாறிய பின் 1991இல் நிகரகுவாவே வழக்கைக் கைவிட்டது.

அப்படியானால் தீர்ப்பு வீணா? இல்லை, தோழர்களே. வல்லரசின் செயலுக்குச் சட்டவிரோதம் என்று பெயர் சூட்டியது அது. அந்த அளவுகோலை எந்த நாட்டுக்கும் ஒரே நேர்மையுடன் பயன்படுத்துவதும், அதற்குப் பின்னால் மக்கள் திரளை நிறுத்துவதும் நம் கடமை.