திறன் தேடலும் நம் கடமையும்

 

ஒரகடத்தின் தோற்றம் நம் கண்முன்னே மாறியது. 2010-இல் ரெனோ–நிசான் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் தொழிற்சாலையும் இங்கே திறக்கப்பட்டன. நம் பிள்ளைகள் இவ்வட்டாரத் தொழிற்கூடங்களுக்குள் ஒப்பந்தக் கூலிகளாக நுழைவார்களா, பொறியாளர்களாக நுழைவார்களா? இவ்வினாவிற்குரிய விடை பெரும்பாலும் ஏழாம் வகுப்பிலேயே எழுதப்பட்டு விடுகிறது. ஆகவேதான், நம் அரசுப் பள்ளியில் திறன்மிகு மாணவர்க்கான தனிப் பயிற்சியைத் தொடங்க முன்வந்துள்ளோம்.

இதில் முதற் சிக்கல், யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதே. மதிப்பெண் பட்டியலின் முதல் ஐவரை எடுத்துக்கொள்வது எளிது. ஆயின், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, விளக்கணைந்தபின் படிக்க இடமின்றித் தவிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளையின் அறிவு அப்பட்டியலில் தெரியுமா?

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நோக்குங்கள். பம்பாயில் பூங்கா ஒன்றில் அமர்ந்து படித்துவந்த சிறுவனைக் கண்டுகொண்டவர் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர். 1907-இல் அச்சிறுவன் மெட்ரிகுலேஷன் தேறியபோது பாராட்டி நூல் வழங்கியவரும், பின்னர்ப் பரோடா மன்னரிடம் அழைத்துச் சென்றவரும் அவரே. மன்னர் திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை அளித்தார். அவருதவியாலேயே 1913-இல் அண்ணல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மேதைக்கும் ஓர் ஆசிரியரின் கண்ணும் ஓர் உதவித்தொகையும் தேவைப்பட்டன. எவர் கண்ணிலும் படாமற்போன பிள்ளைகள் எத்துணைப் பேரோ!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் புரோவர்டு என்னும் பள்ளி மாவட்டம் உண்டு. ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளே முன்பு அங்கே திறன்மிகு வகுப்பிற்குச் சோதிக்கப்பட்டனர். 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்தபோது, தேர்வுபெற்ற ஏழை, கறுப்பினப் பிள்ளைகளின் தொகை பெரிதும் உயர்ந்தது. பணமுடையால் அச்சோதனையை நிறுத்தியதும் அத்தொகை மீண்டும் தாழ்ந்தது. பிள்ளைகள் மாறவில்லை, தேடும் முறையே மாறிற்று.

எனவே நம் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு மும்முறை சிந்தனைப் புதிர்களும் கணக்குகளும் தரப்படும். ஒருமுறை தவறியவர் மறுமுறை சேரலாம். வாரம் இருமுறை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் பயிற்சி நடைபெறும்.

“மீண்டும் தனி வகுப்பா?” எனப் பெரியோர் சிலர் வினவினர். தனியிருக்கையின் துன்பத்தை அறிந்த சமுதாயம் அவ்வாறு கேட்பது நேர்மையே. ஏகலைவனின் கட்டைவிரலை நாம் மறக்கவில்லை. ஆகவே பகலில் எல்லோரும் ஒரே வகுப்பில் ஒன்றாகவே அமர்வர். பயிற்சி பெறுவோர், தாம் கற்றதை உடன் பயில்வோர்க்குக் கற்பித்தல் விதியாகும்.

பயிற்சியின் முதல் இலக்கு, 2008-இல் மைய அரசு தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதும் இத்தேர்வில் மனத்திறனுக்கு 90 வினாக்கள், பாடத்திறனுக்கு 90 வினாக்கள். தேர்வு பெறுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தொகை சிறிதாகத் தோன்றலாம். வறுமையால் பிள்ளையைக் கூலிக்கு அனுப்ப எண்ணும் தந்தையின் கையைத் தடுத்து நிறுத்த அது போதுமானதாகலாம். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் உண்டு. 2023-இல் தொடங்கிய அத்திட்டம் 1,000 மாணவர்க்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வழங்க ஏற்பட்டது.

ஆசிரியர்களாகிய எங்களால் மட்டும் இது முடியாது. பட்டம் பெற்ற இளைஞர்களே, பாலிடெக்னிக் முடித்துத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் தம்பியரே, வாரத்தில் ஒரு மாலையை எங்களுக்குத் தாருங்கள். இயந்திரத்தை அறிந்த உங்கள் வாயால் கணக்கைக் கேட்கும் பிள்ளைக்கு அது உயிருள்ள பாடமாகும். பெற்றோரே, வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் கடைசி நாள்வரை காத்திராமல் முன்கூட்டியே பெற்று வையுங்கள். பெண் பிள்ளைகளை மாலைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்காதீர்கள். அவர்களை வீடு கொண்டுசேர்க்கும் பொறுப்பைக் கழகத் தொண்டர்கள் ஏற்க வேண்டும்.

கால் நூற்றாண்டாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்ட கழகம் இது. பள்ளிக்கு வந்துவிட்ட ஒவ்வொரு பிள்ளையின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று காண்பதே இனி நம் பணி. அப்பணியில் ஒரு பிள்ளையும் நம் கண்ணில் படாமற்போகக் கூடாது.