கூரையைப் பிரித்தபோது

(வானொலியில் வழங்கிய சிந்தனையின் எழுத்து வடிவம்)



மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில், கப்பர்நாகும் ஊரில் நான்கு பேர் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து, முடக்குவாதமுற்ற ஒருவரைக் கட்டிலோடு இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வரின் நம்பிக்கையைப் பற்றி நீங்கள் நிறைய மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். நாங்களும் ஆற்றியிருக்கிறோம். பிரித்த கூரையைத் திரும்ப வேய்ந்தது யார் என்று மட்டும் நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு கூரையை நாங்களே வேய்ந்து, நாங்களே பிரித்து, மறுபடியும் வேய்ந்த பிறகுதான் அந்த வீட்டுக்காரர் எங்கள் நினைவுக்கு வந்தார். எங்கள் கூரை மிகச் சிறியது. இரண்டு உள்ளங்கைகளால் மூடிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழகத்திலிருந்து சென்ற அருள்பணியாளர்களாகிய நாங்கள் இருவர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பங்கில் பணியாற்றினோம். வெள்ளிக்கிழமைகளில் நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் ஒரு பெரியவரின் வீடும் உண்டு. 80 வயதைக் கடந்தவர். மனைவியை இழந்து தனியாக இருந்தார். கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, ஓரங்கள் மட்டும் தெரியும். அவர் வீட்டு நிலவறை முழுவதும் மாதிரி ரயில்பாதை. எச்.ஓ. அளவு என்பார்கள், அசலில் 87-ல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் அங்கே 2 சென்டிமீட்டர்தான் நிற்பார்.

ஒரு நாள் அலமாரியிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை எடுக்கச் சொன்னார். உள்ளே பாதி கட்டிய ஒரு கூட்ஸ் ஷெட். 40 அடி நீளமுள்ள சரக்குக் கொட்டகை அந்த அளவில் 14 சென்டிமீட்டர். சுவர்கள் நின்றன, கூரை இல்லை. அத்தகைய மரக் கொட்டகைகள் ஒரு காலத்தில் அந்தப் பகுதியில் சிற்றூர் நிலையங்களில்கூட இருந்தன. தரை, சரக்குப் பெட்டியின் தரை உயரத்துக்கே இருக்கும். மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். மழையில் சரக்கு நனையாதிருக்க இறவாரம் நன்றாக வெளியே நீண்டிருக்கும். லாரிகள் சில்லறைச் சரக்கை எடுத்துக்கொண்ட பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

"கூரையை மட்டும் போட்டுத் தாருங்கள், ஃபாதர். என் கண்ணுக்கு இனி கோடு தெரியாது" என்றார்.

ஒரு மாலையில் முடியும் வேலை என்று நினைத்தோம். ஆறு வெள்ளிக்கிழமைகள் ஆயின.

முதல் தொல்லை சுவர். நீளச் சுவர் ஒன்று நடுவில் 2 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. இதென்ன பெரிய குறை என்று கேட்பீர்கள். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 17 சென்டிமீட்டருக்கு மேல் வரும். அப்படி ஒரு சுவரை எந்தக் கொத்தனாரும் விட்டுவைக்க மாட்டார். மெல்லிய மரத்தகட்டில் ஒரு பக்கம் மட்டும் நீர் கலந்த சாயம் பூசினால், அந்தப் பக்கம் உப்பி, தகடு வளையும். இரு பக்கமும் பூசி, மேலே பாரம் வைத்து உலர்த்தி, உட்புறம் முட்டுக்குச்சிகள் ஒட்ட வேண்டும். இங்கே எதுவுமே செய்யப்படவில்லை. பழைய வெள்ளைப் பசைதானே, ஸ்பிரிட் தடவினால் இளகும், பிரித்து நேராக்கி ஒட்டிவிடலாம் என்றோம். அவர் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. கிழவரின் பிடிவாதம் என்று நாங்கள் தமிழில் பேசிக்கொண்டோம்.

கூரைக்கு அட்டை வெட்டி, இரண்டு சாய்ப்புகளையும் ஏற்றினோம். மேலே மர ஓடுகளைக் காட்டும் காகிதப் பட்டைகள் ஒட்ட வேண்டும். அவற்றின் பின்புறப் பசை பழுதாகிவிட்டதால் தூரிகையால் புதுப் பசை தடவினோம். ஒரு வரிசையில் 2 மில்லிமீட்டர்தான் வெளியே தெரியலாம். 6 சென்டிமீட்டர் சாய்ப்புக்கு 30 வரிசைகள். ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவர், யார் என்று கேட்காதீர்கள், முகட்டிலிருந்து கீழ்நோக்கி ஒட்டிக்கொண்டே வந்தார். மேலே அழகாக அமைந்தால் போதும், கோணல் வந்தால் கீழே போகட்டும் என்பது அவர் கணக்கு. நம் ஊரில் ஓடு வேய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாங்கள். கீழே இறவாரத்தில் தொடங்கி, மேல் ஓடு கீழ் ஓட்டின் தலையை மூடும்படி ஏறிப்போக வேண்டும் என்பது தெரியாதா? தெரியும். பேச்சு சுவாரசியத்தில் கை தன் போக்கில் போய்விட்டது.

பெரியவர் வந்து முகட்டில் விரல் வைத்துக் கீழே இழுத்தார். ஒரு பக்கத்தில் விரல் வழுக்கி இறங்கிற்று. மறுபக்கத்தில் வரிசைக்கு வரிசை தட்டியது. எங்கள் கண்ணுக்குத் தப்பியதை அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது.

"மழை உள்ளே போகும், ஃபாதர்."

நாங்கள் திட்டு வாங்கத் தயாராக நின்றோம். அவரோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். அந்தச் சுவர்கள் அவருடைய மகன் 14 வயதில் இதே மேசையில் ஒட்டியவை. வளைந்த சுவரைப் பார்த்து இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். பையன் பசைப் புட்டியை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அதன்பின் நிலவறைக்கு வரவே இல்லை. இப்போது நாட்டின் மேற்குக் கரையில் குடும்பத்தோடு இருக்கிறார், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் தொலைபேசியில் பேசுவார்.

"அளவைப் பற்றி நான் சொன்னது சரிதான், ஃபாதர். அதுதான் கஷ்டம். சரியாகச் சொன்னதால் மன்னிப்புக் கேட்கவே தோன்றவில்லை. காகிதத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரியுங்கள். சுவரைத் தொடாதீர்கள்."

கிழவரின் பிடிவாதம் என்று சொன்ன எங்கள் வாய்க்கு அன்று வேலை இல்லை. ஒரு சாய்ப்பை முழுக்கப் பிரித்தோம். அட்டையும் கிழிந்தது, புதிதாக வெட்டினோம். இம்முறை பென்சிலால் 30 கோடுகளும் போட்டு, இறவாரத்தில் முதல் வரிசையை இரட்டையாக ஒட்டி, மேல் வரிசையின் இணைப்பு கீழ் ஓட்டின் நடுவில் விழுமாறு ஏறினோம். உள்வாங்கிய சுவருக்கு, நடுவில் தடித்து இருபுறமும் மெலியும்படி ஒரு குச்சியைச் சீவி, சுவரின் மேல்விளிம்பில் வெளிப்புறமாக ஒட்டினோம். கூரை நேராக உட்கார்ந்தது. சுவர் பழைய கோணலோடு நின்றது. இறவாரத்தின் நிழலில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. தேடிப் பார்ப்பவருக்குத் தெரியும்.

கடைசி வாரம், மடித்த காகிதத்தால் முகட்டை மூடினோம். பெரியவர் இரு பக்கமும் விரலை ஓட்டிப் பார்த்துத் தலையசைத்தார். புகைப்படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னார். அன்றிரவே மகன் அழைத்தாராம். விழா நாள்கூட இல்லை. கூரையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சுவரைப் பிரிக்கவில்லையா, அப்பா?" என்றுதான் கேட்டாராம். இல்லை என்றிருக்கிறார் இவர். பிறகு இருவரும் அந்த ஊர் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

சரக்கு ஏற்றும் தள்ளுகதவு ஒன்று பாக்கி இருந்தது. அதையும் ஒட்டிவிடுகிறோம் என்றோம். பெரியவர் அதை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து, மூடியின் மேல் மகன் பெயரைத் தடவித் தடவி எழுதினார். நாங்கள் ஊர் திரும்பிய நாளில், கூரை போட்ட கொட்டகை தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றது. பக்கத்திலேயே அந்தத் தீப்பெட்டி, 2 சென்டிமீட்டர் மனிதர்களுக்கு நடுவே ஒரு பெரிய வீடு போல.