ஓரமாய் நிற்கும் மெஷின்கள்



நான் டாக்டர் இல்லீங்க. சாதாரண என்ஜினீயர். ஆனாலும் சில வருடங்களாக மாதம் இரண்டு சனிக்கிழமை ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். "அங்கே உனக்கென்னப்பா வேலை?" என்று நம்ம செட் நண்பர்களே கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு உதவி என்றால் பழம், ரொட்டி, போர்வை கொடுப்போம். வசதி உள்ளவர்கள் மெஷின் வாங்கித் தருவார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் அந்த மெஷின் ஒரு வருடம் கழித்து ஓடுகிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அதைப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை.

2021-ல் கொரோனா இரண்டாம் அலை வந்தபோது, வெளிநாட்டிலிருந்தும் உள்ளூரிலிருந்தும் ஆக்ஸிஜன் செறிவூட்டிகள் குவிந்தன. அலை ஓய்ந்ததும் பல மெஷின்கள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. அதற்குள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற பொருள்தான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்து ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது. ஓட்டாமல் போட்டு வைத்தால் அதில் ஈரம் ஏறி சக்தி குறையும். மாதம் ஒரு முறை ஓட்டி, காற்று வடிகட்டியைக் கழுவி வைக்க வேண்டும். இதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் நல்ல மெஷினும் வீண்தான்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில், பச்சைக் குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் ஒன்று ஓரமாக நின்றது. அங்கிருந்த சிஸ்டர் சொன்னார்: "மாட்டினா கத்திக்கிட்டே இருக்குதுங்க தம்பி. அதனால ஓரமா வெச்சுட்டோமுங்க." பார்த்தால், குழந்தையின் தோலில் ஒட்டும் சென்சாரின் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது. சென்சார் இல்லாமல் சூடாகக் கூடாது என்பதற்காக மெஷின் தானாகவே நின்று, அலாரம் அடித்திருக்கிறது. அதே கம்பெனியின் புது சென்சாரை மாட்டி, வேறொரு தெர்மாமீட்டரோடு ஒத்துப் பார்த்தோம். ஓடியது. ஆனால் அது நின்று கிடந்த மாதங்களில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். தாளவாடியிலிருந்து சத்திக்கு இறங்க திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பாதையில் ஒரு பச்சைக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. வசதி குறைந்த 11 நாடுகளில் 60 மருத்துவமனைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. பழுதாகிக் கிடந்த 2,529 கருவிகளில் 72 சதவீதத்தை, வெளிநாட்டு உதிரிப்பாகம் எதுவும் இறக்குமதி செய்யாமலே ஓட வைத்திருக்கிறார்கள். பியூஸ், பிளக், பேட்டரி, ஒயர், அடைத்துப் போன வடிகட்டி, 110 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் மாட்டுவது... நமக்குத் தெரியாத சங்கதியா இது? 1937-லேயே மின் மோட்டார் செய்த ஊருங்க நம்ம கோயமுத்தூர்!

பழுது பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதுமா? போதாது. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு. விலையும் அதிகம், நன்கொடையாகவும் வரும். தன்னார்வலராக வந்த டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர், இன்னும் ஒரு பெட்டி லென்ஸ் கொடுத்துவிட்டுப் போகவில்லை. இங்கேயே செய்ய வழி பண்ணுவதில் கூட நின்றார். 1992-ல் ஆரோலேப் பிறந்தது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. கோவையில் 1997-ல் வந்த அரவிந்த் கிளையில் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனையோ பேர் பார்வை பெற்றிருக்கிறார்கள். தொண்டு என்றால், நாம் போன பிறகும் அங்கே வேலை நடக்க வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். வென்டிலேட்டர், எக்ஸ்ரே போன்றவை பயிற்சி பெற்றவர்கள் வேலை. அதில் கை வைக்கவே கூடாது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் சிஸ்டர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மெஷினோடு தினமும் பழகுகிறவர் அவர்தான். என்ன பழுது, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி அங்கேயே வையுங்கள். அங்குள்ள ஒருவருக்காவது சொல்லிக் கொடுங்கள். அடுத்த மாதம் மறுபடி போங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் நாம் புது மெஷின் எதுவும் வாங்கித் தர வேண்டாம். பக்கத்துத் தாலுகாவில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியை எடுத்துக் கொள்வோம். ஓரமாய் நிற்பவற்றைக் கணக்கெடுப்போம். எலெக்ட்ரிகல், மெக்கானிகல் மாணவர்கள் நான்கு பேர், பழைய மாணவர் ஒருவர், மாதம் ஒரு சனிக்கிழமை. செலவு மிகக் குறைவு. முதல் வண்டிக்கு டீசல் என்னுடையது. வர விருப்பம் உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.