லயத்து வாசலில் ஒரு பாத்தி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாக்களிலே கல்வி, ஒழுக்கம், சமூகப்பணி என்று பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். எமக்களிக்கப்பட்ட நேரத்தை இன்று ஒரு சிறு பொருளுக்காகச் செலவிட விரும்புகின்றோம். லயத்து வாசற்படிக்கும் கானுக்கும் இடையே கிடக்கும் சில அடி நிலமே அப்பொருள். அந்நிலத்தில் கீரையும் போஞ்சியும் வைக்கலாமா, கூடாதா? வைத்தால் குறை கூறுவோர் யாவர்? அவர்களுக்கு நாம் சொல்லும் விடை யாது? பொருள் சிறிதாயினும், நம் குழந்தைகளின் உடல்நலமும் நமது நெடுநாளைய காணிக் கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளன.

முதலில் குழந்தைகளைப் பார்ப்போம். 2016 ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டப்புறத்தை மட்டும் தனியே எடுத்தால், அத்தொகை நூற்றுக்குச் சுமார் 32 பேர். ஏறக்குறைய இரண்டு பங்கு! நுவரெலியாவின் கோவாவும், லீக்ஸும், கரட்டும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. அதே மலையில், அதே மழையில், அதே மண்ணில் வளரும் குழந்தையின் தட்டிலே சோறும், ரொட்டியும், சம்பலும் மட்டும் இருக்கின்றன. இதனைக் கண்டும் காணாதிருப்பது நமக்குத் தகுமா?

அதன்பின் வந்த பஞ்சகாலத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை தளர்ந்தபோதிலும் விளைச்சல் கெட்டது கெட்டதுதான். 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி, உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவை வாங்க நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூனிலே அரசாங்கம் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று நாட்டுக்கு உரைத்தது. அரசாங்க ஊழியர்கள் பயிர் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தது. தோட்டத் தொழிலாளிக்கோ அந்த வெள்ளிக்கிழமையும் பிரட்டுக்களத்தில் பேர் போட்டால்தான் சம்பளம். விடுமுறையும் இல்லை, தனக்கென்று சொல்லிக்கொள்ள நிலமும் இல்லை.

நிலம் இல்லை என்றோம். வாசல் இருக்கின்றதே எனலாம். அந்த வாசல் யாருடையது? 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலந்தொட்டு, மலையும் லயமும் தோட்டத்துரைமாரின் கையிலேயே இருந்தன. 1972 ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமும், 1975 இல் வந்த திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அவற்றின் நிருவாகம் இருபத்திரண்டு பிராந்தியக் கம்பனிகளின் வசமாயிற்று. துரை மாறினார், கம்பனி மாறிற்று, லயத்து வாசல் மட்டும் தொழிலாளியின் பெயருக்கு மாறவில்லை. ஆதலின் நம் தாய்மார் வாசலில் நட்ட கீரையும் சட்டத்தின் கண்ணுக்குப் பிறர் காணியில் நிற்கும் கீரையே.

இதிலிருந்துதான் எழுதாத விதிகள் பிறக்கின்றன. பல தோட்டங்களிலே கீரை வைத்தால் ஒன்றும் சொல்லார். போஞ்சிக்குக் கொடிக்கம்பு நட்டால் முகம் சுளிப்பர். பலாவோ, அவகாடோவோ நட்டால் பிடுங்கச் சொல்வர். ஏன்? கீரை ஒரு மாதத்தில் போய்விடும்; மரம் நின்றுவிடும். நின்ற மரம், "என்னை நட்டவன் இங்கே இருந்தான்" என்று நாளை சாட்சி சொல்லும். எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், மேலிடத்திலிருந்து பார்வையாளர் வருகின்றனர் என்பதற்காக, பூவும் பிஞ்சுமாய் நின்ற அவரைப் பந்தல்கள் ஒரே காலையில் பிரிக்கப்பட்டன. லயம் 'அழகாக' இருக்கவேண்டுமாம்! ஒழுகுகின்ற கூரை அழகைக் கெடுக்கவில்லை. காய்த்த பந்தல்தான் கெடுத்ததோ?

இந்த அழகு வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் மயாமி ஷோர்ஸ் என்று ஓர் ஊர். அங்கே ஒரு தம்பதியர் தம் சொந்த வீட்டின் முற்றத்தில் பதினேழு ஆண்டுகள் காய்கறி பயிரிட்டனர். பின்புறம் போதிய வெயில் படாமையால் முன்புறத்தைத் தேர்ந்தனர். 2013 இல் அவ்வூராட்சி, முன்முற்றத்தில் காய்கறி கூடாது, நாளொன்றுக்கு ஐம்பது டொலர் தண்டம் என்றது. பூச்செடி வைக்கலாம், கீரை வைக்கலாகாது! அவர்கள் செடிகளைப் பிடுங்கிவிட்டு வழக்காடினர், நீதிமன்றங்களில் தோற்றனர். ஆயினும் ஓயவில்லை. 2019 இல் அம்மாநிலச் சட்டசபையே, வீட்டுக் காய்கறித் தோட்டத்தை எந்த ஊராட்சியும் தடுக்கலாகாது என்று சட்டம் இயற்றிற்று. அவர்களுக்கு நிலம் இருந்தது. நடும் உரிமைக்காகப் போராடினர். நமக்கு நடுவதற்கு அரைகுறை அனுமதி உண்டு, நிலம்தான் இல்லை. நமது வழக்கு அதைவிடக் கடினமானது.

நாடு நெருக்கடியில் வீழும்போது மட்டும் அழகுச் சட்டங்கள் அயர்ந்துவிடுவதையும் உலகம் கண்டிருக்கின்றது. இரண்டாம் உலகப் போரிலே இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் காய்கறி விளைந்தது. அமெரிக்காவில் அக்காலத்தே சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, இலங்கையிலும் உணவு பயிரிடுவது நாட்டுக் கடமையாயிற்று. போர்க்காலத்தில் கடமையாவது சமாதான காலத்தில் குற்றமாவது எப்படி?

நிற்க. துரைமாரைப் பற்றி மட்டும் பேசி அமர்ந்தால் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். வாசற் பாத்திக்கு எதிரான குறைகளில் பெரும்பாலானவை மேலே பங்களாவிலிருந்து வருவன அல்ல. அடுத்த காம்பராவிலிருந்தே வருகின்றன. "உன் பூசணிக்கொடி என் கூரையில் ஏறுகிறது," "உன் கோழி என் நாற்றைக் கிளறுகிறது," "பீலித் தண்ணீரையெல்லாம் நீயே பிடிக்கிறாய்," "சாணம் நாறுகிறது." இச்சொற்கள் வாய்ச்சண்டையாகி, சண்டை கணக்கப்பிள்ளையிடம் போய், "இனி ஒருவரும் ஒன்றும் நடக்கூடாது" என்ற கட்டளையாகத் திரும்பி வருவதைக் கண்டிருக்கின்றோம். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயத்திலே கொல்லைப்புறம் என்பதே கிடையாது. இருப்பது வாசல் ஒன்றுதான். குழந்தை விளையாடுவதும், துணி காய்வதும், விறகு அடுக்குவதும் அங்கேதான். அத்தனை நெருக்கத்தில் குறை எழுவது இயல்பே. அதனைத் தீர்த்துக்கொள்ள நமக்குள் ஓர் ஒழுங்கு இல்லாமைதான் கேடு.

குறைகளிலும் நியாயமானவை உண்டு. கானை அடைக்காதே என்னும் விதியை வெறும் அதிகாரம் என்று தள்ளிவிடலாகாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியதை நாம் மறக்கலாகாது. மழைநீர் வடியும் வழி மலையகத்தில் உயிர் காக்கும் வழி. அவ்வழியை மறித்துப் பாத்தி கட்டுபவர், தம் அடுப்புக்காக அயலாரின் கூரையைப் பணயம் வைக்கின்றார். 

ஆகவே, லயந்தோறும் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டுமென்று இம்மன்றத்துக்கு எடுத்துரைக்கின்றோம். முதலாவது, கானிலிருந்து இரண்டடி தள்ளியே பாத்தி. கானை முறைவைத்து எல்லாரும் துப்புரவு செய்தல். இரண்டாவது, கொடிப்பயிர் அவரவர் எல்லைக்குள் பந்தலில் நிற்றல். அடுத்த வீட்டு வெயிலை மறைத்தலாகாது. மூன்றாவது, கோழியையும் ஆட்டையும் அடைத்து வளர்த்தல். நான்காவது, பீலித் தண்ணீர் முதலில் குடிக்க, பிறகு குளிக்க, அதன்பின்னே செடிக்கு. ஐந்தாவது, எருக்குழி லயத்துக்குப் பொதுவாக ஒன்று, தள்ளி, மூடியோடு. குறை எழுந்தால் கணக்கப்பிள்ளையிடம் ஓடுமுன் மன்றத்தில் வைத்துப் பேசுவோம். நமக்குள் ஒழுங்கு இருக்குமிடத்து, நமக்கு ஒழுங்கு கற்பிக்க வருவோரின் வாய் அடைபடும்.

பயிரைப் பற்றியும் சில சொற்கள். தேயிலைக்கு உகந்த மண் புளிப்பு மண். கோவா, பீட்ரூட், போஞ்சி முதலியன அத்துணைப் புளிப்பைத் தாங்கா. ஆதலால்தான் லயத்து மண்ணில் நட்ட கோவா சிலவிடத்து வேர் வீங்கி வாடிவிடுகின்றது. விறகடுப்புச் சாம்பலை அளவோடு கலந்தாலும், டொலமைற்றுச் சுண்ணாம்பு இட்டாலும் புளிப்புக் குறையும். நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேலுள்ளது. தை, மாசி மாதங்களில் உறைபனி விழும். மாலையில் நாற்றின்மேல் சாக்கு விரித்து, காலையில் எடுத்துவிட வேண்டும். அற்றன் பக்கத்தில் பனியைவிட வைகாசி தொடங்கி அடிக்கும் தென்மேற்கு மழையே பகை. பாத்தியை உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கினால் மண் போகாது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பழைய வாளியிலே கூட வளரும். ஆனால் ஒன்று: தேயிலைக்குக் களைநாசினி அடித்த தெளிப்பானைக்கொண்டு கீரைக்கு எதையும் அடிக்கவேண்டாம். உணவென்று நட்டதை நஞ்சாக்கி உண்ணலாகாது.

இளைஞர்களே! இங்கே உங்களுக்கு ஒரு சொல். வீட்டுத்தோட்டம் நல்லது என்று மேடையில் பேசுவது எளிது. மலையேறிக் கொழுந்தெடுத்து, கூடை சுமந்து, மாலையில் திரும்பும் தாயின் தலையில் மண்வெட்டியையும் ஏற்றி வைத்துவிட்டு, "தோட்டம் போட்டோம்" என்று நாம் பெருமை கொள்ளலாமா? மண் கொத்துவதும், கல் அடுக்குவதும், தண்ணீர் சுமப்பதும் ஆண்மக்களின் வேலையாகட்டும். நாற்றுமேடை ஒன்றை மன்றத்தின் செலவிலே அமைப்போம். முதியோரும் நோயாளரும் உள்ள காம்பராக்களுக்கு முதல் நாற்று போகட்டும்.

இன்னுமொரு எச்சரிக்கை. "கீரை நட்டுக்கொள்ளுங்கள், சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் பேசாதீர்கள்" என்று எவரேனும் சொல்வாராயின், அதற்கு நாம் தலையசைக்கலாகாது. பாத்தி கறிக்கு உதவும். அரிசி வாங்கித் தராது. கூரையும் வேய்ந்து தராது. இம்மண்ணுக்காக உயிர் நீத்தவர் உண்டு. 1977 இல் நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்க முற்பட்டபோது தொழிலாளர் எதிர்த்து நின்றனர். மே 11 ஆம் நாள் டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அந்த இளைஞரின் நினைவுள்ளவரை, நிலக் கேள்வியை நாம் கீரைக்கட்டுக்கு விற்கமுடியாது.

புதிய தனிவீடுகளுக்கென்று பேசப்பட்ட ஏழு பேர்ச்சஸ் கணக்கையும் சற்றுப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடியும் சிறிதும். ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியில் எழுந்த வீடுகள் 550 சதுர அடி. எஞ்சுவது 1,350 சதுர அடி. வழியும் மலசலகூடமும் போக, ஒரு குடும்பத்தின் கறிக்குப் போதிய பாத்தியும், ஓர் அவகாடோ மரமும் அதில் நிற்கும். உறுதி கையில் இருந்தால் அம்மரத்தைப் பிடுங்கு என்று எவரும் சொல்லமுடியாது. வீடு பெற்றும் உறுதி பெறாதோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காக எழுதுவதும், விண்ணப்பிப்பதும், விடாது கேட்பதும் மன்றத்தின் பணிகளில் ஒன்றாகவேண்டும்.

அதுவரை வாசலைத் தரிசாக விடவேண்டுமா? வேண்டாம். இந்த ஆண்டிலே மூன்று காரியங்களைச் செய்வோம். லயத்துக்கு லயம் உடன்படிக்கையைப் பேசி முடிப்போம். வாசற் பாத்திகளுக்கு அனுமதியை வாய்மொழியாக விடாமல், நிருவாகத்திடம் எழுத்தில் கேட்போம். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்போம். நாற்றுமேடையைத் தைப்பனி நீங்கியவுடன் தொடங்குவோம். அடுத்த ஆண்டு விழாவில் எத்தனை வாசல்களில் பாத்தி உண்டு, எத்தனை சச்சரவுகள் தீர்ந்தன, எத்தனை கடிதங்களுக்குப் பதில் வந்தது என்று இம்மேடையிலேயே கணக்குக் காட்டுவோம்.